ஒரே ஈற்று நாய்க்குட்டிகள் இரண்டை வாங்கப் போகிறீர்களா?

மறுபடியும் ஒரு ஜோடி பயிற்சிக்கு வந்திருக்கிறது. ராஜபாளையம், அண்ணன் தம்பி, 9 மாதம். பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். "வீரா சூரா, வாங்கடா" என்று ஒரே மூச்சில் கூப்பிட்டார் வீட்டுக்காரர். வீராவை மட்டும் கூப்பிடச் சொன்னால் இரண்டுமே திரும்பவில்லை. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதால் முதலில் காதைச் சோதித்தேன். காது நன்றாகவே கேட்கிறது. தன் பேர் எது என்றுதான் தெரியவில்லை.

சூராவைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனதும் வீரா கேட்டைப் பிராண்ட ஆரம்பித்தான். எச்சில் ஒழுகித் தரை நனைந்தது. வேகவைத்த கோழியை மூக்கருகே நீட்டினாலும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தீனியை மறக்குமளவு பயந்த நாய்க்கு யாராலும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

ஏன் இரண்டு வாங்கினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்தான்: "ஒண்ணுக்கு ஒண்ணு துணையா இருக்கும்ல சார்." தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். துணையாகத்தான் இருக்கும், சிக்கலே அதில்தான். 8 வாரத்தில் வீட்டுக்கு வரும் ஒற்றைக் குட்டி விளையாட வேண்டுமென்றால் உங்களிடம்தான் வரவேண்டும். உங்கள் முகம் பார்க்கும், குரலுக்குக் காது கொடுக்கும், கையைக் கடித்து எவ்வளவு கடிக்கலாம் என்று கற்றுக்கொள்ளும். கூடப் பிறந்தது பக்கத்திலேயே இருந்தால் அதற்கு நீங்கள் எதற்கு? தட்டு வைக்கிற ஆளாக மட்டும் மிஞ்சுவீர்கள். நீங்கள் ஆபீஸ் போனதும் இரண்டும் சமர்த்தாகப் படுத்திருக்கும் என்பதும் நடக்காது. தனியாக இருக்க இரண்டுக்குமே தெரியாது. பார்வோ என்கிற வாந்திபேதி நோய் வந்து ஒன்று டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடக்கும்போது, வீட்டில் இருப்பது சாப்பிடாமல் ஊளையிடும்.

இன்னொன்றும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். ஜோடியில் துணிச்சலானது முன்னால் போகும், மற்றது அதன் பின்னால் ஒதுங்கும். "இவன் ரொம்ப அமைதி சார்" என்பார்கள். அமைதி இல்லை, அது எதையும் தானாகச் சந்தித்ததே இல்லை. 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் பருவம். ராஜபாளையம், கோம்பை மாதிரி புதியவர்களைச் சுலபத்தில் நம்பாத இனங்களில் அதைத் தவறவிட்டால் பிறகு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

லிட்டர்மேட் சிண்ட்ரோம், அதாவது ஒரே ஈற்றுக் குட்டிகள் சேர்ந்து வளர்வதால் வரும் சிக்கல் என்று இதைச் சொல்கிறார்கள். இது பாடப்புத்தக நோய் இல்லை, எல்லா ஜோடிக்கும் வரும் என்பதும் இல்லை. சரியாக வளர்ந்த ஜோடிகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் குட்டிக்கு ஒரு ஆள் முழுநேரமாக உழைத்திருந்தார்கள்.

ஆணும் பெண்ணுமாக வாங்கியவர்களுக்கு: 6 மாதத்திலேயே பெண் ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு வரலாம், கூடப் பிறந்ததென்று நாய் பார்க்காது. கருத்தடை பற்றி இப்போதே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். இரண்டும் பெண் என்றால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயதில் அக்கா தங்கை மூட்டும் சண்டைதான் தையல் வரை போகும்.

வாங்கிவிட்டீர்களா? இன்று ராத்திரியே ஆரம்பியுங்கள். படுக்கை தனித்தனி, முதலில் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி. தட்டு தனி. தினமும் ஒரு தடவையாவது வாக்கிங் தனி, அதுவும் வேறு நேரத்தில். பயிற்சி 5 நிமிடம் போதும், நாளைக்கு மூன்று வேளை. அந்த நேரத்தில் மற்றது வேறு அறையில் கடித்து மெல்லுவதற்கு ஏதாவது வைத்துக்கொண்டு இருக்கட்டும். ஒன்றைப் பார்த்து மற்றது கற்றுக்கொள்ளுமென்று காத்திருக்காதீர்கள். குரைப்பதையும் மண் தோண்டுவதையும் மட்டும்தான் அப்படிக் கற்றுக்கொள்ளும். பேரைத் தனியாகச் சொல்லுங்கள், திரும்பிய நொடியில் வாயில் தீனி. சிட், ஸ்டே, கம் மூன்றையும் தெருவில் தனியாகச் செய்த பிறகுதான் இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும். தடுப்பூசி முழுதாக முடியக் குட்டிக்கு 16 வார வயதாகிவிடும், அதுவரை வீட்டுக்குள்ளேயே அடைக்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக்கொண்டு போய் பஸ் சத்தம், குடை பிடித்த ஆள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் காட்டுங்கள், தரையில் மட்டும் விடாதீர்கள். சேர்ந்து விளையாடட்டும், அதைவிட அதிக நேரம் உங்களோடு விளையாட வேண்டும்.

9 மாத நாய்களை ஒரே நாளில் பிரித்துவிடாதீர்கள். அரை நிமிடப் பிரிவிலிருந்து தொடங்குங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், குட்டியாக இருக்கும்போதே ஒன்றை நல்ல வீடாகப் பார்த்துக் கொடுங்கள். அது பாவமில்லை. அரைகுறையாக இரண்டையும் வளர்ப்பதுதான் அவற்றுக்குச் செய்யும் கெடுதல்.

இன்னும் வாங்காதவர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஜோடியா எடுத்தா விலை குறைச்சுத் தர்றேன்" என்று விற்பவர் சொன்னாலும் ஒன்றோடு வீட்டுக்கு வாருங்கள். அது நன்றாகப் பழகி ஒன்றரை வயதானதும் இரண்டாவது குட்டிக்குத் தேடலாம். அப்போது கூப்பிடுங்கள், நானே கூட வந்து பார்த்து எடுத்துத் தருகிறேன்.