கொக்குக்குத் தேவை அரை அடித் தண்ணீர்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மீன் வளர்ப்பு இப்போது ஏரிக் குத்தகைக்காரர்களோடு நிற்பதில்லை. சொட்டுநீருக்காக வெட்டிய பண்ணைக்குட்டை, தென்னந்தோப்பில் மோட்டார் தண்ணீர் விழும் சிமெண்ட் தொட்டி, வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்த சின்னக் குளம், ஓசூர் வீடுகளில் அல்லி வைத்த தொட்டி என்று எங்கே கொஞ்சம் தண்ணீர் தேங்கினாலும் நாலு கட்லாவோ ஜிலேபியோ தங்கமீனோ விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் கொக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது.

வந்ததும் நாம் செய்வது ஒன்றுதான்: அதைப் பயமுறுத்தப் பார்ப்பது. பழைய சிடி கட்டித் தொங்கவிடுவது, சட்டை மாட்டிய பொம்மை நடுவது, தகரம் தட்டுவது. கொக்கு எப்படி மீன் பிடிக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டால் இதில் பாதி வேலை வீண் என்று தெரிந்துவிடும். அதற்கு வேண்டியது நிற்க ஒரு இடம், கால் நனையும் அளவு தண்ணீர், அலை இல்லாத மேற்பரப்பு. இவற்றில் ஒன்றைப் பிடுங்கினாலும் அதன் பிழைப்பு கடினமாகிவிடும்.

நம் குட்டைகளுக்கு அதிகம் வருவது மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். மண்நிறத்தில் கரையோடு கரையாக உட்கார்ந்திருக்கும். பறக்கும்போதுதான் வெள்ளை இறக்கை பளிச்சென்று தெரியும். அது இரை பிடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால், பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடக்காது. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் தலையை மட்டும் மெதுவாக முன்னே நகர்த்தும், ஒரு விரல் அளவுதான். கொஞ்சம் சாய்க்கும். திரும்ப நிறுத்தும். அடுத்த நொடியில் கழுத்து நீண்டு, அலகு தண்ணீருக்குள் போய், வெளியே வரும்போது குறுக்கே ஒரு குஞ்சு துடித்துக்கொண்டிருக்கும். கொக்குகளின் கழுத்தெலும்புகளில் ஆறாவது மற்றவற்றைவிட நீளமானது. கழுத்து அந்த இடத்தில்தான் மடங்குகிறது. இழுத்துப் பிடித்த உண்டிவில் மாதிரி, விட்டால் பாய்வதற்குத் தயாராக மடங்கியிருக்கிறது.

அந்தப் பாய்ச்சலைவிட எனக்கு வியப்பாக இருப்பது அதற்கு முந்தைய தலையசைப்புதான். தண்ணீருக்குள் இருக்கும் பொருள் தெரியும் இடத்தில் இருப்பதில்லை. மீனிலிருந்து வரும் ஒளி தண்ணீரை விட்டு காற்றுக்கு வரும்போது வளைகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் 40 செ.மீ. ஆழத்தில் உள்ள மீன் 30 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகத் தெரியும். கிணற்றில் தரை கிட்டத்தில் தெரிகிறதே என்று குதித்து ஏமாறுவது இதனால்தான். சாய்வாகப் பார்த்தால் ஏமாற்றம் இன்னும் பெரிது. கரையோரக் கொக்கு எப்போதும் சாய்வாகத்தான் பார்க்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்ந்து பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீன் 20 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. கண் காட்டிய திசையிலேயே நேராகக் குத்தினால் அலகு மீனுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே போய்விடும். 10 செ.மீ. ஆழ மீன் என்றால் பிசகு 5 செ.மீ.தான். ஆழம் இரட்டித்தால் பிசகும் இரட்டிக்கும்.

இஸ்ரேலைச் சேர்ந்த காடி காட்ஸிர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980-களில் கடற்கரைக் கொக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். தண்ணீருக்குள் அசையாமல் வைத்த மீனைக் கொக்கு குத்துவதைப் படம்பிடித்து, கோணங்களை அளந்தார்கள். மீன் தெரிந்த திசையில் கொக்கு குத்துவதில்லை, ஒளி வளைவதற்கு ஏற்றபடி திருத்திக்கொண்டுதான் குத்துகிறது என்று தெரிந்தது. தெரியும் ஆழத்துக்கும் உண்மை ஆழத்துக்கும் ஒரு குறிப்பிட்ட பொருத்தம் அமையும் இடத்துக்கு அது தலையைக் கொண்டுவருகிறது. குறி தப்பியபோது தலை பெரும்பாலும் அந்த இடத்திலிருந்து விலகியிருந்தது. அதாவது குறி தப்பாமல் இருக்க, தலையை வேண்டியபடி நகர்த்திக்கொள்ள இடம் கொடுக்கும் நிலையான காலடி அதற்கு வேண்டும்.

சரி, மீன் ஏன் ஓடுவதில்லை? மீனும் ஒளி வளைவால் ஏமாறுகிறது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்த வட்டத்தின் விரிவு சுமார் 97 டிகிரி. அதற்கு வெளியே மேற்பரப்பு கண்ணாடியாகி, குட்டையின் அடியைத்தான் திருப்பிக் காட்டும். வட்டத்தின் ஓரத்தில் எல்லாம் நசுங்கிப்போகிறது. தரைமட்டத்திலிருந்து 10 டிகிரி உயரம் வரை உள்ள அத்தனையும் அங்கே 1 டிகிரிக்குள் திணிக்கப்பட்டிருக்கும். கழுத்தைச் சுருக்கி 35 செ.மீ. உயரத்தில், மீனிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மடையான் அந்த 10 டிகிரிக்குள்தான் வருகிறது. மீனைப் பொறுத்தவரை அது ஒரு கோடு. கொக்கு குனிந்து நடப்பதன் பலன் இதுதான்.

ஒரு மீன் மாட்டிய பிறகு கதை மாறும். கெண்டை வகை மீன்களின் தோல் கிழிந்தால் தண்ணீரில் ஒரு வேதிப்பொருள் கலக்கும். அந்த வாடை பட்டதும் மற்ற மீன்கள் கூட்டமாக ஒடுங்கி அடியில் பதுங்கிவிடும். 1938-இல் இதை விளக்கியவர் கார்ல் வான் ஃபிரிஷ். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பிறகு நோபல் பரிசு பெற்றவர்தான் இவர். நம் கட்லா, ரோகு, மிர்கால், தங்கமீன் எல்லாம் இந்தப் பெரிய உறவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை. ஜிலேபி இதில் சேராது. தீவனம் போட்டதும் மேலே வந்துகொண்டிருந்த கெண்டைகள் திடீரென்று ஒருநாள் வராமல் போனால், தண்ணீரைச் சந்தேகிப்பதற்கு முன் கரையில் எச்சமோ கால்தடமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பதுங்கிய மீனையும் மேலே கொண்டுவந்து கொக்கிடம் ஒப்படைப்பது பல நேரம் நாம்தான். பகலில் பச்சைப்பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் பாசி, மீன், அடிச்சேறு எல்லாம் சேர்ந்து அதைத் தீர்க்கும். விடிவதற்குச் சற்று முன்னால் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். சாணத்தையும் தீவனத்தையும் அள்ளிக் கொட்டிய குட்டையில் அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கொக்கு வேட்டைக்கு இறங்கும் நேரமும் அதுதான். மேல்மட்டத்தில் நிற்கும் மீனைக் குத்த ஒளி வளைவுக் கணக்குகூடத் தேவையில்லை. ஆகவே தீவனத்தைக் குறைப்பதும், விடியற்காலையில் மோட்டார் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிடுவதும் மீனுக்கு மூச்சு கொடுப்பதோடு கொக்கிடமிருந்தும் காக்கும். விழும் தண்ணீர் எழுப்பும் அலையில் மீனின் உருவம் உடைந்து போவது கூடுதல் லாபம்.

இனி குட்டைக்கு வருவோம். படிப்படியாக ஆழமாகும் மண்கரைதான் மடையானுக்குப் பிடித்த இடம். அதன் கால்கள் குட்டை. அரை அடிக்கு மேல் தண்ணீர் இருந்தால் நிற்க முடியாது. கரை செங்குத்தாக இறங்கி, தண்ணீர் மட்டம் விளிம்புக்கு ஒரு அடி கீழே இருந்தால், மேலே நின்று அலகால் தொடவும் முடியாது, இறங்கி நிற்கவும் முடியாது. புதிதாகத் தொட்டி கட்டுகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டியது இந்த ஒன்றைத்தான். மூன்று அடிக்குக் குறையாத ஆழம், நேர்ச்சுவர், விளிம்புவரை நிரப்பாமை. ஆனால் செங்குத்துக் கரை குழந்தைகளுக்கு எமன். வேலியும், உள்ளே விழுந்தால் பிடித்து ஏற ஒரு முடிச்சுக் கயிறும் கட்டாயம்.

ஏற்கெனவே வெட்டிய சரிவான குட்டை என்றால் கயிறு. மடையானும் சின்ன வெள்ளைக் கொக்கும் பெரும்பாலும் கரையில் இறங்கி, அங்கிருந்து நடந்துதான் தண்ணீருக்குள் போகும். ஆகவே கரையைச் சுற்றிக் குச்சி நட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்றும் இரண்டு சாண் உயரத்தில் ஒன்றுமாக நைலான் கயிறு கட்டலாம். நேராக நடுவில் இறங்குவதைத் தடுக்க, தண்ணீருக்கு மேலே ஒரு அடி இடைவெளியில் குறுக்குக் கயிறுகள். மடையான் இறக்கை விரித்தால் முக்கால் மீட்டருக்கு வரும்; கயிற்றுக்கு இடையில் இறங்கினால் எழும்ப முடியாது என்பதால் தயங்கும். வெள்ளைக் கயிறாகக் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். தூண்டில் நரம்பு வேண்டாம். அது கொக்கின் கண்ணுக்கும் படாது, இறக்கையில் மாட்டி அறுக்கும். மடையான், மீன்கொத்தி உட்பட இந்தப் பறவைகள் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கண்ணி, விஷம், கவண் எதற்கும் அனுமதி கிடையாது.

மீன்கொத்திக்குக் கயிறு ஒரு பொருட்டல்ல, சில நேரம் உட்காரும் கிளையாகவே ஆகிவிடும். அது மேலிருந்து பார்த்துச் செங்குத்தாகப் பாய்வது. தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முருங்கைக் கிளை, மோட்டார் குழாய், ஒயர் ஆகியவற்றை அகற்றினால் வசதி குறையும். நம் மாந்தோப்புகளில் அதிகம் கத்தும் வெண்மார்பு மீன்கொத்தி வெட்டுக்கிளி, ஓணான், தவளை என்று தரையிலேயே பாதிச் சாப்பாட்டை முடித்துவிடும் என்பதால் அதன்மேல் பெரிய கோபம் தேவையில்லை. நீர்க்காகம் வேறு ரகம். நீருக்குள் மூழ்கித் துரத்திப் பிடிக்கும். ஆழம், செங்குத்துக் கரை எதுவும் அதைத் தடுக்காது. கே.ஆர்.பி. அணை, பாரூர் ஏரி போன்ற பெரிய நீர்நிலைக்கு அருகில் இருப்பவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்கவேண்டும். வக்கா என்னும் இராக்கொக்கு இரவில் வரும். இந்த இரண்டுக்கும் முழு வலைதான் மருந்து.

வலையை ஓரங்குலக் கண்ணில் வாங்கி, தண்ணீருக்கு ஒரு அடி மேலே விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் கொக்கு வலை மேலேயே நின்று கண் வழியாகக் குத்தும். சாரைப்பாம்பும் சிக்கிச் சாகும். பெரிய குட்டை முழுவதையும் வலையால் மூடக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. கொக்கு மீனை மெல்லாது, முழுதாக விழுங்கும். அதன் தொண்டைக்குள் நுழையாத மீன் ஓரளவு தப்பித்தது. ஆபத்து முழுவதும் விரல் நீளக் குஞ்சுகளுக்குத்தான். ஆகவே குட்டையின் ஒரு மூலையில் ஹாப்பா வலை (சின்னக் கண் வலையில் தைத்த பெட்டி மாதிரியான கூண்டு) கட்டி, மேலே மூடி, குஞ்சுகளை அதற்குள் ஒன்றிரண்டு மாதம் வளர்த்து, ஒரு சாண் நீளம் வந்த பிறகு வெளியே விடலாம். பணத்துக்குச் சரியான பலன் தருவது இந்த வேலைதான் என்பது என் எண்ணம்.

ஒளிய இடமும் வேண்டும். தொட்டியின் அடியில் உடைந்த சிமெண்ட் குழாய், மண்பானை; மேலே மூங்கில் சட்டத்தில் கட்டி மிதக்கவிட்ட தென்னங்கீற்று. ஆகாயத்தாமரை வேண்டாம், குட்டையையே மூடி ஆக்சிஜனைக் கெடுத்துவிடும். தண்ணீர் இளம்பச்சையாக இருப்பதும் ஒரு திரை. முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரியவேண்டும். அதைவிடப் பச்சை ஏறினால் விடியற்காலை மூச்சுத்திணறல் வரும். அழகுக்காகக் கண்ணாடி மாதிரித் தண்ணீர் வைத்து, அதில் ஆரஞ்சு நிறத் தங்கமீன் விடுகிறவர்கள் வலை போடாமல் தப்ப முடியாது.

பொம்மையும் சிடியும் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். புதிதாக இருக்கும் நாட்களில் வேலை செய்யும். தீங்கு செய்யாத ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் அதைப் பொருட்படுத்தாமல் விடுவது எந்த விலங்குக்கும் இயல்பு. பிறகு பொம்மையின் தோளிலேயே மீன்கொத்தி உட்காரும். பொம்மையை மட்டும் நம்பியிருப்பது கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதை. குஞ்சு விட்ட முதல் வாரத்தில் மட்டும் பயன்படுத்தி, இடம் மாற்றிக்கொண்டே இருந்து, பிறகு எடுத்துவிடுவது நல்லது. நாய் கட்டியிருக்கும் வீட்டில் இந்தக் கவலை குறைவு.

நம் மாவட்டங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் ஆறடி நின்ற குட்டை மார்ச்சிலிருந்து இறங்கத் தொடங்கும். காரிமங்கலம், ஊத்தங்கரை பக்கம் வெயில் ஏற ஏற, கரையெல்லாம் சேறு தெரிந்து, நடுவில் முழங்கால் தண்ணீர் மிஞ்சும். அக்டோபரில் கொக்குக்கு எட்டாத குட்டை ஏப்ரலில் முழுவதும் அரை அடி, ஒரு அடித் தண்ணீராகிவிடும். நாலாபக்கமும் நிற்க இடம், உள்ளே நெருக்கியடித்த மீன், சூடான தண்ணீரில் குறைந்த ஆக்சிஜன். அந்தக் கட்டத்தில் கயிறும் வலையும் கட்டிக்கொண்டிருப்பதைவிட, தண்ணீர் மூன்று அடிக்கு இறங்கும்போதே வலைபோட்டுப் பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிட்டு, மிச்சக் குஞ்சுகளைத் தொட்டிக்கு மாற்றிவிடலாம்.