ஆப்பிள் பட்டர்: வெண்ணெயா, லேகியமா?

போன ஐப்பசியில் ஒரு சமையல் குறிப்பைத் தமிழாக்கிப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். தலைப்பு ‘ஆப்பிள் வெண்ணெய்’. அரை மணி நேரத்தில் போன் வந்துவிட்டது. “எல்லாம் எழுதியிருக்கே, வெண்ணெய் எவ்வளவு போடணும்னு மட்டும் விட்டுட்டியே?” வெண்ணெயே கிடையாது பெரியம்மா என்றேன். “அப்புறம் எதுக்குடா அந்தப் பேரு?” என்று கேட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

எனக்குத்தான் அன்று வேலை ஓடவில்லை. பட்டர் என்றால் வெண்ணெய் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியவன் நான்.

முதலில் பொருள். ஆப்பிளைக் குழைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்து விழுதாக்கி, அந்த விழுதைப் பல மணி நேரம் சிறு தீயில் சுண்டவைத்தால் கிடைப்பது ஆப்பிள் பட்டர். நிறம் காய்ச்சிய வெல்லம்போல ஆழ்ந்த பழுப்பு. பட்டை, கிராம்பு வாசனை. ஜாமில் பழத்துண்டு கண்ணுக்குத் தெரியும், பெக்டின் என்ற பழப்பசை அதைக் கட்டிக்கொண்டு நிற்கும். இதில் துண்டும் இல்லை, கட்டியும் இல்லை. ரொட்டியில் வைத்துக் கத்தியால் இழுத்தால் ஒரே வழுவழுப்பாகப் பரவும். அந்தப் பரவலுக்காகத்தான் பட்டர் என்ற பெயர். பால், தயிர், நெய் எதற்கும் இதில் வேலை இல்லை.

பட்டர் என்ற சொல் லத்தீனில் ‘பூட்டிரும்’, அதற்கு முன் கிரேக்கத்தில் ‘பூட்டிரோன்’. ‘பூஸ்’ என்றால் மாடு, ‘டூரோஸ்’ என்றால் பாலாடைக்கட்டி. ஆக, மாட்டுக்கட்டி. ஆலிவ் எண்ணெயில் சமைத்த கிரேக்கருக்கு வெண்ணெய் அன்னியப் பண்டம், வடக்கே இருந்த நாடோடிகளின் தீனி. ஏதோ ஒரு பெயர் வேண்டுமே என்று ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது இந்தச் சொல். ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது அதற்குள் மாடு இருப்பதே யார் காதிலும் விழவில்லை. வேர் மறைந்த சொல்லை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம். பாதாம் விழுதும் பட்டர் ஆனது, வேர்க்கடலை விழுதும் பட்டர் ஆனது, கடைசியில் ஆப்பிளும் ஆனது.

தமிழில் அந்த வசதி இல்லை. வெண்மை, நெய் இரண்டும் சேர்ந்து வெண்ணெய்; இரண்டுமே இன்றைக்கும் சொல்லுக்குள் உயிரோடு இருக்கின்றன. எள்ளின் நெய் எண்ணெய் ஆனதுபோல. அவகாடோவை வெண்ணெய்ப்பழம் என்றால் பொருந்துகிறது, அதில் கொழுப்பு உண்டு. வேர்க்கடலை வெண்ணெய் என்பதையும் பொறுத்துக்கொள்ளலாம், எண்ணெய் மேலே மிதப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆப்பிள் பட்டரில் வெண்மையும் இல்லை, நெய்யும் இல்லை. பெரியம்மா கேட்டதில் என்ன தப்பு?

அமெரிக்கச் சட்டம் இந்தப் பண்டத்துக்குத் தனி இலக்கணமே எழுதி வைத்திருக்கிறது. ‘பழ பட்டர்’ என்ற தலைப்பின் கீழ், 5 பங்கு பழத்துக்கு 2 பங்கு இனிப்பு என்பது கணக்கு. சுண்டிய பிறகு கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரை) குறைந்தது 43 சதவீதம் இருக்க வேண்டும். ஜாமுக்கு இது 65. இந்த இலக்கணத்தில் கூட வெண்ணெய் எங்கும் வராது.

ஆனால் அமெரிக்காவில் இதை அண்டா அண்டாவாகக் காய்ச்சியவர்கள் எல்லோரும் பட்டர் என்று சொல்லவில்லை. எனக்கு விடை கிடைத்தது அங்கேதான்.

பென்சில்வேனியாவில் ‘பென்சில்வேனியா டச்சு’ என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். பெயரைப் பார்த்து ஹாலந்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மானியர்கள், அந்நாளைய ஆங்கிலத்தில் ‘டச்சு’ என்பது அவர்களையும் குறித்தது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ரைன் ஆற்றங்கரைப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஆப்பிள் பட்டர் அவர்கள் வீட்டு விசேஷம். முதல் நாள் இரவு அக்கம்பக்கத்தார் கூடி உட்கார்ந்து தோல் சீவி, கொட்டை எடுத்து, துண்டு போடுவார்கள். மறுநாள் வெளி அடுப்பில் பெரிய செப்பு அண்டாவை ஏற்றி, ஆப்பிள் சாற்றை ஊற்றி முதலில் அதைச் சுண்டவிடுவார்கள். பிறகு துண்டுகளைக் கொட்டினால் பொழுது சாயும்வரை கிண்டுவதுதான் வேலை. கிண்டும் துடுப்பின் காம்பு ஆள் நீளத்துக்கும் மேலே போகும், அடுப்பின் அனலிலிருந்து தள்ளி நிற்க வேண்டுமே. புளித்த பண்டம் செம்பில் களிம்பு கட்டும் என்பதால் அண்டாவை வினிகரும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். நாம் புளி போட்டுத் தேய்ப்பதன் ஒன்றுவிட்ட உறவு.

இந்தப் பண்டத்துக்கு அவர்கள் பேச்சில் பெயர் ‘லாட்வாரிக்’. ஜெர்மனியில் ‘லாட்வெர்கெ’. அங்கே இன்றைக்கும் சில வட்டாரங்களில் அந்தப் பெயரில் பிளம்ஸ் பழத்தைத்தான் காய்ச்சுகிறார்கள். கடல் தாண்டியதும் பழம் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. சரி, லாட்வெர்கெ எங்கிருந்து வந்தது? லத்தீன் ‘எலெக்டுவாரியும்’. அது இடைக்கால மருத்துவர்களின் சொல்: மருந்துப் பொடியைத் தேனிலோ பாகிலோ குழைத்துச் செய்த கெட்டி மருந்து. அதற்கும் பின்னால் கிரேக்க வினை ஒன்று நிற்கிறது என்பார்கள், ‘எக்லெய்கெய்ன்’, நக்கித் தின்பது.

நக்கித் தின்னும் மருந்து. நம் வீட்டில் அதற்குப் பெயர் உண்டு. லேகியம்.

பொருள் மட்டுமல்ல, வேரும் ஒன்றுதான். வடமொழியில் ‘லிஹ்’ என்றால் நக்கு. ‘லேஹ்யம்’ என்றால் நக்கத் தக்கது. அந்த ‘லிஹ்’, கிரேக்க ‘லெய்கெய்ன்’, ஆங்கில ‘லிக்’, ஜெர்மன் ‘லெக்கென்’ எல்லாம் ஒரே மூதாதையின் பேரப்பிள்ளைகள். தீபாவளிக்கு முந்தின நாள் சுக்கும் ஓமமும் வெல்லமும் போட்டுக் கிண்டுகிற நம் பாட்டியும், செப்பு அண்டா முன்னால் துடுப்போடு நிற்கிற பென்சில்வேனியாக் கிழவியும் தங்கள் பண்டத்துக்கு ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு ‘ஆப்பிள் வெண்ணெய்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டர் என்பது அமெரிக்காவின் தனிக் குற்றமல்ல. பிரான்சுக் கரையை ஒட்டிய ஜெர்சித் தீவிலும் ஆப்பிளை இரவு முழுக்கக் கிண்டிக் காய்ச்சுகிறார்கள். அதிமதுரமும் சேர்ப்பதால் கறுப்பாகவே ஆகிவிடும். அவர்கள் மொழியில் அதற்கு ‘நியெர் பெர்’ என்று பெயர், அதாவது கறுப்பு வெண்ணெய். கறுப்பு வெண்ணெய்! தமிழில் சொன்னால் முரண்பாடு முகத்தில் அடிக்கிறது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘பழப்பாகு’ என்றால் பாகு என்ற சொல்லே ஒழுகுகிறது. சர்பத் நினைவுதான் வரும். ‘பழக்கூழ்’ பரவாயில்லை, ஆனால் அது மாம்பழக்கூழ் ஆலைகளின் சொல்லாகிவிட்டது, சுண்டியது என்ற பொருள் அதில் வராது. தொக்கு செய்முறையில் ரொம்ப நெருக்கம். சுருளச் சுருளக் கிண்டுவது அதுவும் இதுவும் ஒன்றே. ஆனால் தொக்கு என்றதும் நாக்கு நல்லெண்ணெயையும் மிளகாயையும் எதிர்பார்க்கும். ஆப்பிளுக்கே தமிழ் வேண்டும் என்பவர்கள் அரத்திப்பழம், குமளிப்பழம் என்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டு வாங்க முடியாத பெயரை நான் புழங்குவதில்லை. ஆப்பிள் ஆப்பிளாகவே இருக்கட்டும், ஈழத்தவருக்கு அப்பிள்.

லேகியம் என்றே சொல்லலாம். ஒரே சிக்கல், அந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். சித்த மருத்துவத்தில் இதற்கு இன்னொரு பெயர் இருக்கிறது: இளகம். உள்ளுக்குச் சாப்பிடும் அக மருந்துகள் 32 என்று வகுத்த பட்டியலில் சாறு, சூரணம், மணப்பாகு எல்லாவற்றோடும் இளகம் வருகிறது. அதே பட்டியலில் வெண்ணெய் என்றும் ஒரு வகை உண்டு, குங்கிலிய வெண்ணெய் போல. அதாவது நம் வைத்தியர்கள் வெண்ணெய் வேறு, இளகம் வேறு என்று எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள், நான்தான் பார்க்கவில்லை. இளகம் என்றதும் இளகுதல் காதில் விழுகிறது. கெட்டியும் அல்ல, நீரும் அல்ல, விரலுக்கு இணங்குகிற பதம். ஆப்பிள் பட்டரின் பதம் அதுவே. மருந்து இளகத்தில் நெய்யும் தேனும் சேருமே என்று கேட்பவர்களுக்கு: பெயர் பதத்தைக் குறிக்கிறது, சரக்கை அல்ல. ஆகவே என் ஓட்டு ‘ஆப்பிள் இளகம்’.

பெயரைச் சோதிக்க ஒருநாள் காய்ச்சியே பார்த்தேன். தள்ளுவண்டியில் 2 கிலோ வாங்கினேன், சிவப்பு டெலிஷியஸ், மாவு தட்டியதால் விலை குறைத்துக் கொடுத்தார். கடித்துத் தின்ன ஆகாதது காய்ச்ச ஆகும். (இந்த ரகத்தை இமாசலத்தின் கோட்கர் பக்கம் கொண்டுவந்து பரப்பியவர் 1904ல் இந்தியா வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ். ஊர் பிலடெல்பியா, அதே பென்சில்வேனியா. பின்னாளில் விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார்.) தோலோடு நறுக்கி, 2 டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, அரை மணி நேரம். கரண்டி பட்டால் உடைகிற அளவு வெந்ததும் சல்லடையில் தேய்த்தேன். தோலும் விதையும் மேலே தங்கின. விழுதோடு 300 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு விரல் பட்டை, 4 கிராம்பு, அரை மூடி எலுமிச்சை.

முதல் மணி நேரம் ஒன்றும் நடக்காது. ஆப்பிள் கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடக்கும். இரண்டாம் மணியில் நிறம் ஏறும், அப்போதுதான் அது துப்பத் தொடங்கும். கெட்டியான விழுதுக்கு அடியில் ஆவி சிக்கி, ‘பொளக்’ என்று ஒரு குமிழ் வெடித்தால் முழங்கைவரை தெறிக்கும். எனக்கு மணிக்கட்டில் இரண்டு கொப்புளம். மூடியைச் சாய்த்து வைத்து, அடி கனத்த பாத்திரத்தில், தீயைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் அடுப்பைவிட்டு நகரக் கூடாது, அடிப்பிடித்தால் மொத்தமும் புகை நாற்றம். அந்தத் துடுப்புக் காம்பு ஏன் அவ்வளவு நீளம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பதம் பார்க்க அமெரிக்கக் குறிப்பு சொல்வது: குளிர்ந்த தட்டில் ஒரு கரண்டி வை, சுற்றிலும் நீர் கசிந்து வளையம் கட்டாவிட்டால் இறக்கு. பெரியம்மாவைப் போனில் கேட்டேன். “கரண்டியால நடுவுல ஒரு கோடு இழு. கோடு மூடிக்காம அப்படியே நின்னா ஆச்சு.” இரண்டையும் செய்தேன். மூன்றேகால் மணி நேரத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் சரியாக வந்தன. 2 கிலோ ஆப்பிள் இரண்டு சின்ன பாட்டிலில் அடங்கிவிட்டது.

ஒரு பாட்டிலில் ‘ஆப்பிள் இளகம்’ என்று சீட்டு ஒட்டிப் பெரியம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். ரொட்டிக்கு, தோசைக்கு என்று சொல்லியும் அனுப்பினேன். போன வாரம் போனபோது பார்த்தால் பாட்டில் சமையலறையில் இல்லை. மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்துக்கொள்கிறாராம்.