பேச்சில் ஒரு சொல் வருமா? அதற்கும் ஒரு விலை

"டிரம்ப் பேச்சில் எந்தச் சொல் வரும் என்று அமெரிக்காவில் பணம் கட்டுகிறார்களாமே, அந்த விலை எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கல்ஷி, பாலிமார்க்கெட் என்ற இரண்டு தளங்களில் இது பெரிய அளவில் நடக்கிறது. அடிப்படை ரொம்ப எளிது. அந்தச் சொல் வரும் என்று ஒருவர் 60 சென்ட் வைக்கிறார், வராது என்று இன்னொருவர் 40 சென்ட் வைக்கிறார், சேர்ந்தால் ஒரு டாலர், ஜெயித்தவருக்கு முழு டாலர். தளம் எந்தப் பக்கமும் சாய வேண்டியதில்லை. 60 சென்ட் என்றால் 60 சதவீத வாய்ப்பு என்று சந்தை நினைப்பதாகப் படித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

சரி, அந்த 60-ஐ முதலில் எப்படிக் கணிக்கிறார்கள்? பழைய பேச்சுகளை எடுத்து எண்ணுவார்கள். ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு சொல் சராசரியாக 3 தடவை வருகிறது என்று வையுங்கள். சராசரியை வைத்து வாய்ப்பைச் சொல்லும், கல்லூரியில் படித்த பாய்சான் சூத்திரத்தில் போட்டால், ஒரு தடவைகூட வராமலிருக்கும் வாய்ப்பு 5 சதவீதம். அதாவது விலை 95 சென்ட். பாதிப் பேச்சு முடிந்தும் சொல் வரவில்லையென்றால் 78, கால் மணி நேரம் மட்டும் மிச்சமிருந்தால் 53. பேச்சு ஓட ஓட விலை உருகுவதைத் திரையிலேயே பார்க்கலாம். பேச்சின் நீளமும் முக்கியம்: 2025 மார்ச்சில் டிரம்ப் அமெரிக்க நாடாளுமன்றத்தில் 100 நிமிடத்துக்குக் கிட்டப் பேசினார், நீளும் ஒவ்வொரு நிமிடமும் 'வரும்' என்றவர்களுக்கு லாபம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்த 95 பெரும்பாலும் பொய். ஏனென்றால் சொற்கள் சீராகத் தூவியது போல வருவதில்லை, டவுன் பஸ் மாதிரி வருகின்றன, ஒரு மணி நேரம் ஒன்றும் இருக்காது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். பத்துப் பேச்சில் ஒரே ஒரு பேச்சில் 30 தடவை, மற்ற ஒன்பதிலும் பூஜ்யம் என்றாலும் சராசரி அதே 3 தானே? ஆனால் அடுத்த பேச்சில் வருவதற்கான வாய்ப்பு 95 இல்லை, 10-க்குப் பக்கம். 'மக்கள்', 'நாடு' மாதிரிச் சொற்களில் இந்தச் சிக்கல் குறைவு. ஒரு நாட்டின் பெயர், ஓர் எதிரியின் பெயர் என்றால் அந்த விஷயத்தைத் தொட்டால்தான் சொல் வரும், தொட்டுவிட்டால் கொட்டும்.

இதை அழகாக அளந்து காட்டியவர் கென்னத் சர்ச் என்ற கணினி மொழியியலாளர், 2000-இல். அவர் எடுத்துக்காட்டாக எடுத்த பெயர் பனாமாவின் முன்னாள் ஆட்சியாளர் நோரியேகா. ஆயிரம் செய்திகளில் ஒன்றில்தான் ஒரு பெயர் வரும் என்றால், ஒரே செய்தியில் இரண்டு தடவை வருவது பத்து லட்சத்தில் ஒன்று என்றுதான் பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். நிஜத்தில் அது இரண்டாயிரத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். முதல் தடவை வருவதுதான் அதிசயம், இரண்டாவது தடவை கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான்.

அதற்கும் முன்னால், 1964-இலேயே மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் இந்தச் சுவரில் முட்டியிருக்கிறார்கள். அமெரிக்கத் தலைவர்களான ஹாமில்டன் எழுதியதா மேடிசன் எழுதியதா என்று தகராறில் இருந்த 18-ஆம் நூற்றாண்டுக் கட்டுரைகளில் சின்னச் சின்னச் சொற்களை எண்ணினார்கள், பாய்சான் சரியாகப் பொருந்தவில்லை, கொத்தாக வருவதையும் கணக்கில் எடுக்கும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலுக்கு மாறினார்கள். இருநூறு வருடம் பழைய கட்டுரையில் 'upon' என்ற ஆங்கிலச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண இன்று நம் ஊரில் ஒருவர் நிதி கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கு இன்று பந்தயக்காரர்களுக்குக் காசு. "சந்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது" என்று இதை ஜோசியம் போலப் பரப்புகிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வருவதும் இதனால்தான். உள்ளே இருப்பது எண்ணிக்கையும் வகுத்தலும்.

ஆனால் எண்ணிக்கை ஒரு இடத்தில் கைவிட்டுவிடும். மழை வருமா என்று பந்தயம் கட்டினால் மேகத்துக்கு அது தெரியாது. பேசுகிறவருக்குத் தெரியும். 2025 அக்டோபரில் காயின்பேஸ் என்ற கிரிப்டோ நாணய நிறுவனத்தின் காலாண்டு முடிவுக் கூட்டத்தில் அதன் தலைவர் பிரையன் ஆர்ம்ஸ்ட்ராங், அந்தக் கூட்டத்தில் எந்தச் சொல் வரும் என்ற பந்தயத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டு, பிட்காயின், எத்தீரியம், பிளாக்செயின், ஸ்டேக்கிங், வெப்3 என்று கடைசியில் வரிசையாக வாசித்துவிட்டார். வாசித்ததும் வாய்ப்புகளெல்லாம் நூறு. அவர் விளையாட்டாகச் செய்தார், எல்லாரும் பார்க்கச் செய்தார். அரசியல் மேடையில் பேச்சு பெரும்பாலும் முன்பே எழுதி, பேசுகிறவர் பார்த்து வாசிக்கும் டெலிப்ராம்ப்டர் திரையில் ஏற்றப்பட்டிருக்கும். எழுதியவருக்குத் தெரியும், திருத்தியவருக்குத் தெரியும், அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கும் தெரியும். நீங்கள் நூறு பழைய பேச்சுகளை எண்ணிவிட்டு 40 சென்ட் வைக்கும்போது எதிர்ப்பக்கம் 60 வைக்கிறவர் இவர்களில் ஒருவராக இருந்தால், எந்தப் பரவலைப் போட்டும் பிரயோஜனம் இல்லை.