தொழில் மரபு: ஒரு சொல்லும் ஒரு பட்டடையும்

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவிய, புகைப்படக் கண்காட்சிக்குத் தலைப்பு எழுதித் தரக் கேட்டார்கள். பிள்ளைகள் எடுத்த படங்களைப் பார்த்தேன். மாங்கூழ் ஆலையில் பழம் கழுவும் பெண்கள், கிரானைட் அறுக்கும் இடம், பட்டுக்கூடு ஏலம், ஒசூரில் ஷிப்டு முடிந்து வெளியே வரும் கூட்டம், பர்கூர்ப் பக்கத்துக் கொல்லுப்பட்டறை ஒன்று. அழைப்பிதழ் மாதிரியில் 'இண்டஸ்ட்ரியல் ஹெரிடேஜ்' என்று பெரிதாகவும், கீழே 'தொழில்துறைப் பாரம்பரியம்' என்று சிறிதாகவும் இருந்தது. தப்பான தமிழ் இல்லை. ஆனாலும் படங்களுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே ஏதோ இடைவெளி தெரிந்தது. அதனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.

இண்டஸ்ட்ரி என்பதன் மூலம் 'இண்டஸ்ட்ரியா' என்ற லத்தீன் சொல். அதற்குப் பொருள் ஆலை அல்ல, விடாமுயற்சி, ஊக்கம். மனிதனின் குணத்தைச் சொன்ன சொல் 18-ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்தில் மெல்ல உற்பத்தி, ஆலை என்ற பக்கம் நகர்ந்தது. ஹெரிடேஜ், வாரிசு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வாரிசுக்குக் கிடைக்கும் சொத்து என்பது அதன் அடிப்படை.

இரண்டும் சேர்ந்து ஒரு துறையின் பெயரானது அண்மையில்தான். பிரிட்டனில் பழைய ஆலைகளும் கால்வாய்களும் இடிக்கப்பட்டுவந்த காலத்தில், 1955-இல் மைக்கேல் ரிக்ஸ் என்பவர் 'தொழில்துறைத் தொல்லியல்' என்ற பேச்சைப் பரவலாக்கினார். 2003 ஜூலையில் ரஷ்யாவின் நிஸ்னி தகில் என்ற பழைய இரும்பாலை ஊரில் ஒரு சாசனம் வெளியானது. தொழில்துறைப் பண்பாட்டின் எச்சங்களில் வரலாறு, தொழில்நுட்பம், சமூகம், கட்டடக்கலை, அறிவியல் ஆகியவை சார்ந்து மதிப்புள்ளவற்றை அது 'இண்டஸ்ட்ரியல் ஹெரிடேஜ்' என்ற பெயரால் குறித்தது. முக்கியமாகக் கவனிக்கும் காலம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் இன்றுவரை என்றது. அதற்கு முந்தையவற்றை வேர்கள் என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டது.

நம் ஊரில் நின்று படித்தால் இந்தக் கால எல்லை இடிக்கிறது. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாலாயிரம் ஆண்டுகளைத் தாண்டிய இரும்பு. ஒசூருக்குச் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை நிறுவனம் வந்ததோ நேற்று மாதிரி. அந்த நிறுவனம் தொடங்கியதே 1971-இல்தான். நம் மாவட்டத்தில் 'தொழில்' என்று சொன்னால் இந்த இரண்டு முனைகளும் அதற்குள் அடங்க வேண்டும்.

அடங்குகிறது என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி. தமிழில் தொழில் என்ற சொல் ஆலையிலிருந்து தொடங்கவில்லை, செயலிலிருந்து தொடங்கியது. இலக்கணத்தில் செய்தல், நடத்தல் போன்றவற்றைத் தொழிற்பெயர் என்கிறோமே, அந்தத் தொழில்தான் இது. செய்கிற ஆளையும் அது விடுவதில்லை: தொழிலாளி. பக்கத்தில் 'துறை'யைச் சேர்த்தால் அமைச்சகமும் கோப்பும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. எனவே தலைப்பில் துறையை எடுத்துவிடச் சொன்னேன்.

பாரம்பரியம் 'பரம்பரா' என்ற வடசொல் வழி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வருவது. வழக்கில் ஊறிய சொல், அதை விரட்ட வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர்கள் ஹெரிடேஜுக்கு மரபுரிமை என்கிறார்கள். கட்டடம், நிலம், சட்டப் பாதுகாப்பு என்று பேசும் இடத்தில் அதுதான் மிகப் பொருத்தம், சொத்து என்ற மூலப்பொருள் அதில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் படங்களில் இருந்தது சொத்து அல்ல, கைப்பழக்கம். அதற்கு மரபு போதும்.

மரபு என்றால் பழையது என்று சுருக்கிவிடுகிறோம். தொல்காப்பியத்தின் மரபியல் முதலில் என்ன சொல்கிறது? பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைக்கு ஒன்பது பெயர்களை அடுக்குகிறது. எந்த உயிரின் குஞ்சுக்கு எந்தப் பெயர் வழங்கிவந்தது என்ற கணக்கு அது. அதாவது, ஒன்றை அதற்குரிய பெயரால் அழைப்பதே மரபின் பாதி. துருத்தி, குறடு, சம்மட்டி என்ற பெயர்களை விட்டுவிட்டு 'பழைய கருவிகள்' என்று படத்துக்கு அடியில் எழுதினால், மரபில் பாதியை அங்கேயே தொலைத்துவிடுகிறோம்.

இந்த இடத்தில் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, வந்தே தீரும். அதன் மன்னன் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி வைத்த வேல்கள். ஏறத்தாழ ஒரு கண்காட்சி. எங்கள் மன்னனின் வேல்களோ, பகைவரைக் குத்தி நுனி சிதைந்து 'கொல்துறைக் குற்றில' என்றார் ஔவை. கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று பொருள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தர்மபுரி மண்ணின் தொழில் மரபைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நெய் பூசிய வேல் பார்வைக்கு; உலையடியில் கிடக்கும் வேல் வேலைக்கு.

ஜெர்மனியில் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் ஊது உலைகளையும் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் படமெடுத்தார்கள். மேகம் மூடிய வெளிச்சம், நேர்முகக் கோணம், ஆள் இல்லாத சட்டகம். 1990-இல் வெனிஸ் பியெனால் கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான பரிசு இந்தப் படங்களுக்குக் கிடைத்தது. மூடப்படவிருந்த ஆலைகளுக்கு அந்த மௌனம் பொருந்தியது, நான் அதை மதிக்கிறேன். நம் கொல்லுப்பட்டறையை அப்படி எடுக்க முடியாது. ஓலைக் கொட்டகை, கரி, ஒரு மரக்கட்டை. அங்கே வேலை செய்யும் பெரியவரை அகற்றிவிட்டால் சட்டகத்தில் மிச்சம் ஒன்றுமில்லை.

அப்புறம் பட்டறை. இன்று புகைப்படப் பட்டறை, ஓவியப் பட்டறை என்று பயிற்சிக்கெல்லாம் இந்தப் பெயரை வைக்கிறோம். பட்டடை என்பதன் இன்னொரு வடிவம் இது. பட்டடை என்றால் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். "சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை நேரா நிரந்தவர் நட்பு" என்கிறது குறள் 821. மனம் சேராதவரின் நட்பு, இடம் பார்த்து அடிக்க உதவும் பட்டடை போன்றது என்று பொருள். கல்லின் பெயர் அந்தக் கல் இருக்கும் கொட்டகைக்கு ஆகி, கொட்டகையின் பெயர் கேமரா பழகும் வகுப்புக்கும் வந்திருக்கிறது.

இதைச் சொன்னதும், கொல்லுப்பட்டறையைப் படம் எடுத்த பெண் மறுபடி அந்தப் பெரியவரிடம் போனாள்.

"தாத்தா, இந்தக் கல்லுக்கு என்ன பேரு?"

"பட்டடைம்மா. எங்க அப்பா காலத்துல இருந்து இதேதான்."

தலைப்புப் பலகையில் இப்போது 'கிருஷ்ணகிரியின் தொழில் மரபு' என்று இருக்கிறது. அவளுடைய படத்தின் கீழே 'இரும்பு வேலை' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'பட்டடை' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள்.