போர்வை விலகிய பக்கத்தில் ஒரு பிணைப்பு

மார்கழி, தை மாதங்களில் முரசுமோட்டைப் பக்கம் வயலுக்குப் பன்றிக் காவல் போனவர்களுக்குச் சின்னப் போர்வையின் பாடு தெரியும். கொட்டிலில் படுத்து, பனிக்குத் தலைமாட்டுப் பக்கம் இழுத்து மூடினால் கால் வெளியே வந்துவிடும். நுளம்பு நேரே அந்தக் காலுக்குத்தான் வரும். கந்தகம், தெலூரியம் போன்ற அணுக்கள் பக்கத்து மூலக்கூறை இழுத்துப் பிடிக்கும் சல்கோஜன் பிணைப்பை உயர்தர மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல படம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அணுவுக்கும் ஒரு போர்வை உண்டு. கருவைச் சுற்றியிருக்கும் இலத்திரன் முகில்தான் அது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான உருண்டையாக அணுவை வரைந்து பழகிவிட்டோம். தனி அணுவுக்கு அது சரி. இன்னோர் அணுவோடு பங்கீட்டு வலுப் பிணைப்பு அமைத்ததும், முகிலில் ஒரு பகுதி பிணைப்பின் பக்கம் இழுபட்டுவிடுகிறது. பிணைப்புக் கோட்டை அணுவின் ஊடாக நேரே நீட்டிப் பாருங்கள். அது மறுபக்கத்தில் வெளிவரும் இடத்தில் முகில் மெலிந்து, கருவின் நேரேற்றம் கொஞ்சம் வெளித்துத் தெரியும். இதற்குச் 'சிக்மா துளை' என்ற பெயர் 2007இல் வந்தது. பக்கத்து மூலக்கூறின் நைதரசனோ ஒட்சிசனோ தன் தனிச்சோடி இலத்திரன்களை (பிணைப்பில் சேராத சோடியை) நீட்டிக்கொண்டு அந்த இடத்துக்குத்தான் வருகிறது.

ஒட்சிசன், கந்தகம், செலனியம், தெலூரியம் ஆகியவை ஆவர்த்தன அட்டவணையின் 16ஆம் கூட்டத்துச் சல்கோஜன்கள். இவற்றின் வெளித்த இடத்தில் இப்படி வரும் கவர்ச்சிதான் சல்கோஜன் பிணைப்பு. வழக்கமாக இரண்டு பிணைப்பு அமைப்பவை. ஆகவே வெளித்த இடமும் இரண்டு. ஒட்சிசன் சின்ன அணு, மின்னெதிர்த்தன்மையும் (இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கும் தன்மை) 3.5 அளவில். போர்வையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு படுப்பவர் மாதிரி, இலேசில் விலகாது. தெலூரியத்தின் மின்னெதிர்த்தன்மை 2.1தான், முகிலும் பெரியது, தளர்ந்தது. அதனால் கூட்டத்தில் கீழே போகப் போக இந்தப் பிணைப்பு வலுக்கிறது. ஐதரசன் பிணைப்பு மட்டும் படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்க, ஐதரசன் சல்பைட்டு −60 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. நீரின் ஐதரசன் பிணைப்புத்தான் காரணம். அங்கே ஒட்சிசன்தான் பெரியாள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் திசைப் பிடிவாதம். பக்கத்து அணு 180 பாகைக்குக் கிட்ட, நேர்கோட்டில் வந்தால் இழுக்கும். கொஞ்சம் விலகிப் பக்கவாட்டில் வந்தால், அதே தெலூரியத்தின் தனிச்சோடி இலத்திரன்கள் எதிரே நிற்கும், தள்ளிவிடும். ஓர் அணுவே ஒரு பக்கம் வா என்கிறது, மறுபக்கம் போ என்கிறது.

தெலூரியப் பளிங்கைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அணுக்கள் திருகு சுருள் சங்கிலிகளாக நிற்கின்றன. சங்கிலிக்குள் அடுத்த அணு 284 பைக்கோமீற்றரில் (ஒரு பைக்கோமீற்றர், மீற்றரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). பக்கத்துச் சங்கிலியின் அணு 349இல். வெறுமனே தொட்டுக்கொண்டு நின்றால், இரண்டு தெலூரியத்தின் வந்தர்வாலிசு ஆரைகளை (பிணைப்பில்லாமல் தொட்டு நிற்கும்போது அணுவுக்கு உள்ள ஆரை) கூட்டி 412 வரவேண்டும். 63 பைக்கோமீற்றர் உள்ளே வந்திருக்கிறது. "ஐதரசனே இல்லையே சேர், பிறகு எது பிடிச்சு வைச்சிருக்குது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். சரியான கேள்வி. ஒரு சங்கிலியின் தனிச்சோடி, அடுத்த சங்கிலியின் பிணைப்புக்கு நேர் பின்னால் போய் அமர்கிறது. அதில் ஏற்றக் கவர்ச்சி மட்டும் இல்லை. அந்தப் பிணைப்பின் வெற்று எதிர்ப்பிணைப்பு ஒபிற்றலுக்குள் (இலத்திரன் இருக்கக்கூடிய, ஆனால் காலியான இடத்துக்குள்) இலத்திரன் கொஞ்சம் கசிகிறது, முகில்கள் ஒன்றையொன்று அசைத்து இழுக்கும் விசையும் சேர்கிறது. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே இன்னும் வாதம் உண்டு. 'சல்கோஜன் பிணைப்பு' என்பதற்கு முறையான சர்வதேச வரைவிலக்கணமே 2019இல்தான் வந்தது.

இதை வைத்துப் பளிங்கைத் திட்டமிட்டே கட்டலாம். தெலூராடயசோல் என்ற ஐந்தணு வளையத்தில் ஒரு தெலூரியம் இரண்டு நைதரசன்களுக்கு நடுவே இருக்கும். பக்கத்து வளையத்தின் நைதரசன் இதன் தெலூரியத்தை நோக்க, இதன் நைதரசன் அதன் தெலூரியத்தை நோக்கும். இரு கைகளும் கோத்த மாதிரி, நான்கு அணுக்களால் ஒரு நாற்கோணம். இடைவெளி 270–280 பைக்கோமீற்றர் அளவில். வெறுமனே தொட்டு நின்றால் 361 இருக்கவேண்டிய இடம். ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு பக்கமும் இப்படிக் கோக்க இடம் இருப்பதால் அது நீண்ட நாடாவாகப் போகும். நைதரசனுக்குப் பக்கத்தில் பருத்த அணுக்கூட்டமொன்றைப் பொருத்தினால் அந்தப் பக்கம் அடைபட்டுவிடும். நாடா நீளாமல், வளையங்கள் இரண்டிரண்டாகக் கைகோத்தபடி நின்றுவிடும்.