உரிப்பதா, உதிர்ப்பதா? எக்ஸ்ஃபோலியேஷனுக்குச் சரியான தமிழ்

“வாரம் இருமுறை முகத்தோலை உரிக்கவும்” என்று ஒரு முகப்பூச்சுப் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். அழகுக் குறிப்புகளிலும் காணொளிகளிலும் இதே ‘தோல் உரித்தல்’தான். எக்ஸ்ஃபோலியேஷன், அதாவது தோலின் மேலே படிந்த இறந்த செல்களை அகற்றுவது, என்பதற்கு இதைவிடப் பொருந்தாத தமிழ் கிடையாது.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் ‘ஃபோலியம்’ இலை; ‘எக்ஸ்’ வெளியே. இலை நீங்குவதைக் குறித்த சொல், பிறகு ஏடு ஏடாகக் கழல்வதற்கெல்லாம் ஆகி வந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். வாழைப்பழத்தை உரிக்கிறோம், வெங்காயத்தை உரிக்கிறோம், கறிக்கடையில் ஆட்டை உரிக்கிறார்கள். சிவனைக் ‘கரியுரி போர்த்தவன்’ என்கிறார்கள். அங்கே ‘உரி’ என்பது யானையின் முழுத்தோல். காட்டுக்குப் போன இராமன் உடுத்தியது மரவுரி. உள்ளிருப்பது வெளியே தெரியும்படி மேலிருப்பதை முழுதாகக் கழற்றுவதே உரித்தல். வெயிலில் முதுகுத் தோல் உரிந்தால் அதைக் கேடு என்கிறோம்; யாரும் அழகு என்பதில்லை. பாறைக்கு இந்தச் சொல் பொருந்தும். பாறை வெங்காயத் தோல் போலப் பாளம் பாளமாகக் கழல்வதைப் ‘பாறை உரிதல்’ என்பது சரியே. அதைத் தூக்கிக் கன்னத்தில் வைப்பதுதான் தவறு.

முகத்தில் நடப்பது வேறு. மேல்தோலின் உச்சியில் இறந்த செல்கள் சுமார் 15 முதல் 20 அடுக்காக, மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கின்றன. அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து விழ இளவயதில் ஏறத்தாழ 4 வாரம் ஆகும். வயது ஏற ஏறக் காலம் நீளும். விழக் காத்திருக்கும் செதில்களைச் சற்று முன்னதாக விழச் செய்கிறோம், அவ்வளவுதான். முகப்பூச்சுகளில் சேர்க்கும் கிளைகாலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் செதில்களுக்கு இடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றன. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் தோலின் துளைகளுக்குள்ளும் வேலை செய்கிறது. பயத்தமாவு உராய்வினால் செதில்களை விழச் செய்கிறது.

ஆகவே ‘செதில் உதிர்த்தல்’ என்பதே சரி. இலை உதிர்கிறது, பூ உதிர்கிறது, மயிர் உதிர்கிறது. பிடி தளர்ந்ததுதான் உதிரும். எவ்வளவு மென்மையாகச் செய்ய வேண்டும் என்பதை அந்த வினையே சொல்லிவிடுகிறது. செதில் என்றால் மீன் நினைவுக்கு வருகிறது என்பது ஒரு மறுப்பா? நுண்ணோக்கியில் பார்த்தால் அவை செதில்களாகத்தான் இருக்கின்றன.

‘இறந்த செல் நீக்கம்’ என்று எழுதுவோரும் உண்டு. உரித்தலை விட மேல், ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. இறந்தது எல்லாமே குப்பை, முழுக்கத் துடைத்தெறிய வேண்டும் என்ற எண்ணத்தை அது தருகிறது. தோலின் ஈரத்தைக் காப்பதும் கிருமியைத் தடுப்பதும் அந்த இறந்த அடுக்குதான்.

சொல் தவறினால் கையும் தவறுகிறது. உரிக்கச் சொன்னால், உரிவது கண்ணுக்குத் தெரியும்வரை வால்நட் ஓட்டுத் தூளால் தேய்க்கிறார்கள். எரிச்சல், சிவப்பு, இறுக்கம், எண்ணெய் தடவாமலே ஒரு பளபளப்பு: இவை வந்தால் அளவு மீறிவிட்டது என்று அறிந்து நிறுத்திவிட வேண்டும். நம் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அழற்சி ஆறிய பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் தங்கும். பெரும்பாலோருக்கு வாரம் ஒன்றிரண்டு முறை போதும். வறண்ட தோலுக்கு அதிலும் குறைவு. சீழ்ப்பரு இருக்கும் இடத்தில் தேய்க்கவே கூடாது. ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ பூச்சைப் பூசும் இரவில் அமிலம் வேண்டாம். கிளைகாலிக் போன்ற அமிலங்கள் வெயிலைத் தாங்கும் திறனைக் குறைப்பதால் பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

‘உரித்தல்’ என்ற சொல்லுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. தோல் மருத்துவர் அடர்த்தியான அமிலத்தைப் பூசி, அடுத்த சில நாள்களில் தோல் ஏடாகக் கழலும்படி செய்யும் கெமிக்கல் பீல் சிகிச்சைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், மருத்துவர் செய்ய வேண்டியதைக் குளியலறையில் செய்யச் சொல்வதாகிவிடும். ‘தோல்’ என்று எழுதக் கூசிச் ‘சருமம்’ தேடும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தக் கவனத்தில் பாதியை வினைச்சொல்லுக்குக் கொடுக்கட்டும்.