அந்தக் காளானைச் சுரண்டி எறியாதீர்கள்

போன வாரம் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மரம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த மழைக்காலத்தில் இதே கதைக்கு இது நாலாவது அழைப்பு. வாசலில் நின்ற மயில்கொன்றை இரவோடு இரவாகச் சாய்ந்து இரண்டு கார்களை நசுக்கியிருந்தது. புயல் இல்லை, பெரிய காற்றுகூட இல்லை. "மே மாசம் பூத்துக் குலுங்குச்சு சார், நேத்து வரைக்கும் பச்சைப் பசேல்னுதான் இருந்துச்சு" என்றார் சங்கச் செயலாளர்.

அடியைப் பார்த்தேன். ஊறிப்போன அட்டைப்பெட்டி மாதிரி வெளுத்து, விரலால் பிய்த்தால் கையோடு வந்தது. இங்கே காளான் இருந்ததா என்று கேட்டேன். "தட்டு மாதிரி வரும் சார். ரெண்டு வருஷமா தோட்டக்காரரை விட்டுச் சுரண்டிட்டு, மேல சுண்ணாம்பும் காவியும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கோம்."

பின்பக்கம் போனால் ஒரு வேப்பமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். நுனியெல்லாம் கருகிப்போனதாம். அடிக்கட்டையில் ஒரு கறை இல்லை, நன்றாக வைரம் பாய்ந்த மரம். போகிற மரத்துக்கு வண்ணம் பூசிவிட்டுப் பிழைக்கிற மரத்தை வெட்டியிருக்கிறார்கள். கோபப்படாமல் என்ன செய்ய?

இலை பச்சையாக இருந்தால் மரம் நலம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளி வளையங்களில். நடுவில் இருக்கும் வைரம் தண்ணீர் கடத்துவதில்லை, தூணாக நின்று தாங்குகிறது. கானோடெர்மா போன்ற பூஞ்சைகள் அந்தத் தூணையும் தாங்குகிற வேர்களையும் தின்றுகொண்டிருக்கும்போது, வெளி வளையம் தன் பாட்டுக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டே இருக்கும். இலை துளிர்க்கும், பூ பூக்கும். ஒருநாள் மழையில் இலையெல்லாம் நனைந்து தலை கனக்கும், மண் இளகும், மரம் கீழே கிடக்கும். பச்சையாக இருப்பதால் விழாது என்பதில்லை. பச்சையாக இருப்பதால்தான் தலையில் அவ்வளவு பாரம்.

காளானைச் சுரண்டினால் நோய் போய்விடும் என்பது இன்னொன்று. மாங்காயைப் பறித்தால் மாமரம் செத்துவிடுமா? அடிமரத்தில் தட்டுத்தட்டாக, பழுப்பும் சிவப்புமாக மெழுகு பூசியதுபோல் மினுங்குகிற அது, பூஞ்சையின் காய்ப்பு. பூஞ்சையின் உடம்பு மரத்துக்குள்ளே இருக்கிறது. காய்ப்பு வெளியே தெரிகிறபோது பெரும்பாலும் உள்ளே சில வருடங்களாகவே வேலை நடந்திருக்கும். சுரண்டி எறிந்தால் அடையாளம்தான் போகிறது, அடுத்து வந்து பார்ப்பவருக்கும் தெரியாமல் போகிறது. (ஒரு அம்மா அதைக் கழுவிக் காயவைத்து டீ போடலாமா என்று கேட்டார். ரெய்ஷி என்று கடையில் விற்கிறார்களாம். சாக்கடை ஓரத்து மரத்தில் முளைத்த, எந்த இனம் என்றே தெரியாத காளானை வேண்டாம் அம்மா.)

பொந்துக்குள் சிமென்ட் அடைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தோல் மாதிரி மரத்தின் காயம் ஆறாது. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, மேலே புது மரம் வளர்க்கும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1970களிலேயே இதை விளக்கிவிட்டார். நீங்கள் பொந்தைச் சுத்தமாகச் செதுக்கும்போது அந்தச் சுவரைத்தான் உடைக்கிறீர்கள். அப்புறம் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூசிவிடுகிறீர்கள்.

பூஞ்சைக்கு வழி விடுவதும் நாம்தான். கேபிளுக்கும் குழாய்க்கும் ஜேசிபி வைத்து வேரை அறுக்கிறோம். அடிவரை பேவர் பிளாக் பதிக்கிறோம், குப்பையைக் கொளுத்துகிறோம், விளம்பரத் தட்டிக்கு ஆணி அடிக்கிறோம். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது புயலைத் திட்டினோம். நான் பார்த்த பல மரங்களில் வேர் எப்போதோ வெட்டப்பட்டு, வெட்டிய இடம் அழுகியிருந்தது.

காளான் வந்த எல்லா மரத்தையும் வெட்டச் சொல்லவில்லை. மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வந்தால் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சுற்றிலும் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கெட்டி மரம் இருந்தால் நிற்கும் என்று எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. வேர் அழுகியிருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. தலைப்பாரத்தைக் கொஞ்சம் குறைத்துக் காப்பாற்றிய மரங்கள் உண்டு. குறைப்பது வேறு, மொட்டையடிப்பது வேறு. முடிவு தெரிகிறவரை கீழே வண்டி நிறுத்தாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் அனுமதி வாங்கி, அடிக்கட்டையும் வேரும் சேர்த்து எடுங்கள். கட்டையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே புதுக் கன்று வைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி.

தென்னை இருக்கிற வளாகமா? அங்கே காளானுக்குக் காத்திருக்காதீர்கள். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் பரவிய தஞ்சாவூர் வாடல் நோயும் கானோடெர்மா வேலைதான். அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிவதுதான் கண்ணில் படுகிற முதல் அடையாளம். அந்தக் கட்டத்தில் வந்தால் வேப்பம் பிண்ணாக்கு, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை, வேர்வழி மருந்து என்று ஏதாவது செய்து பார்க்கலாம். தட்டு முளைத்த பிறகு வந்து கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இனி வேம்பு. மழைக்காலத்தில் நுனிக்கிளைகள் தீய்ந்ததுபோல் பழுப்பாவது போமோப்சிஸ் என்ற பூஞ்சையால். தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும் அதே மாதிரி கருக்கும், சில மரத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நன்கு வளர்ந்த வேம்பு பெரும்பாலும் மாசி, பங்குனியில் திரும்பத் துளிர்த்துவிடும். தயவுசெய்து அதுவரை பொறுங்கள். நாற்பதடி மரத்துக்கு மருந்தடிக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் துணியிலும் அடிக்கவேண்டாம். சின்னக் கன்று என்றால் கருகியதை வெட்டி எரித்துவிட்டு, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்ததும் பளபளப்பான கத்தியை முக்கிப் பாருங்கள், செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

அப்புறம், எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் உச்சியை எடுத்து அனுப்பாதீர்கள். அடிமரத்தில் மண்ணை ஒரு கை அளவு விலக்கிவிட்டு, நாலு பக்கமும் எடுங்கள், அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வைத்து. காளான் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.